அணங்கு, விலங்கு, கள்வர், அப்புறம் ஒரு மூச்சு

அமெரிக்காவில் ஒரு கடை. பாம்பு, சிலந்தி என்று வித்தியாசமான பிராணிகளை விற்கும் கடை. உள்ளே வந்த பெண், தனக்குப் பாம்பும் சிலந்தியும் சுத்தமாகப் பிடிக்காது, கண்ணில் பட்டாலே ஒதுங்கிப் போய்விடுவேன் என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தவர். ஆனால் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்ததும் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போகின்றன. கடை ஊழியர் ஒரு பாம்பைக் கையில் கொடுக்க, மூன்று நிமிடத்துக்கும் மேல் வைத்திருக்கிறார். செதில்களைத் தடவுகிறார். வெளியே நீளும் நாக்கை விரலால் தொடுகிறார். அருமையாக இருக்கிறது என்கிறார். அடுத்து, பெரிய பாம்புகளையும் தொடலாமா என்று ஆரம்பிக்கிறார். அவை ஆபத்தானவை, கடித்துவிடும் என்று ஊழியர் சொன்ன பிறகும் 15 முறை கேட்கிறார். டரான்டுலா சிலந்தியைத் தொடக் கை நீட்டியபோது உடன் வந்தவர்கள் தடுக்க வேண்டியிருந்தது.

பயம் எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் சொன்ன எண் ஒருதரம்கூட இரண்டைத் தாண்டவில்லை. பிடிக்காது என்றவர் ஏன் தொடப் போனீர்கள் என்றதற்கு அவர் தந்த பதில், ஆர்வம் தாங்க முடியவில்லை என்பதுதான்.

மருத்துவக் கட்டுரைகளில் இவருக்கு எஸ்.எம். என்று பெயர். இரண்டெழுத்துக்கு மேல் நமக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. முப்பது வருடங்களுக்கும் மேலாக, அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல ஆய்வுக்கூடங்கள் இவரைத் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்கின்றன. பயம் மூளையில் இருக்கிறதா, உடம்பில் இருக்கிறதா என்ற பழைய கேள்விக்கு இவர் ஒருவரின் வாழ்க்கை வேறு எதுவும் தராத ஒரு பதிலைத் தந்திருக்கிறது. அந்தப் பதிலின் இரண்டாம் பாதி 2013இல்தான் கிடைத்தது. முதல் பாதியோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாம் பாதி.

இல்லாமல் போனது எது

எஸ்.எம்.முக்கு இருப்பது ஊர்பாக்–வீத்தே நோய். வியன்னாவைச் சேர்ந்த எரிக் ஊர்பாக், கமிலோ வீத்தே என்ற இரு மருத்துவர்கள் 1929இல் விவரித்த, மிக அபூர்வமான பரம்பரை நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் வரும். குரல் கரகரத்துப் போகும், தோல் தடித்துப் போகும், இமை ஓரங்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் மணி கோத்ததுபோல் வரிசையாக நிற்கும். பலருக்கு மூளைக்குள்ளும் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அவர்களில் சிலருக்கு அது அமிக்டலாவைக் குறிவைத்ததுபோல் அழித்துவிடுகிறது.

அமிக்டலா என்பது கன்னப்பொட்டுகளுக்கு உள்பக்கமாக, இடம் ஒன்று வலம் ஒன்றாக இருக்கும், பாதாம் பருப்பு அளவும் வடிவமும் கொண்ட நரம்புக் கொத்து. கண்ணும் காதும் கொண்டுவரும் சேதியில் ஆபத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இதயத்தையும் நுரையீரலையும் வியர்வைச் சுரப்பிகளையும் உசுப்பிவிடுவது இதன் வேலைகளில் ஒன்று. பக்கவாதமோ கட்டியோ அறுவையோ வந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் சேதமாகும், அக்கம்பக்கத்துப் பகுதிகளும் சேர்ந்தே கெடும். எஸ்.எம்.முக்கு அப்படி இல்லை. சிறுவயது முடிவதற்குள் இரண்டு பக்கமும் போய்விட்டது, மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நினைவாற்றல், பேச்சு, புத்திக்கூர்மை எல்லாம் சரி. சிரிப்பார், அழுவார், கோபப்படுவார், அருவருப்பு அடைவார். பயம் மட்டும் இல்லை.

பயம் என்றால் என்னவென்றே தெரியாதவரும் அல்ல. நோய் முற்றுவதற்கு முன், சிறுமியாக இருந்தபோது, ஒரு டாபர்மேன் நாய் உறுமிக்கொண்டு தன்னை மூலையில் மடக்கியது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு வயிற்றைப் புரட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கதவு சாத்திக்கொண்டது.

வரைய முடியாத முகம்

எஸ்.எம். பற்றிய முதல் கட்டுரை 1990இல் வந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது 1994இல். ரால்ஃப் அடால்ஃப்ஸ், டேனியல் ட்ரானல், ஹன்னா டமாசியோ, ஆன்டோனியோ டமாசியோ என்ற நான்கு ஆய்வாளர்களும் பலவித உணர்ச்சிகளைக் காட்டும் முகங்களின் படங்களை எஸ்.எம்.மிடம் காட்டினார்கள். மகிழ்ச்சி தெரிந்தது, சோகம் தெரிந்தது. அகல விழித்து வாய் பிளந்து பயந்து நிற்கும் முகத்தில் மட்டும் என்ன இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

பிறகு அவர் கையிலேயே பென்சிலைக் கொடுத்து, ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு முகம் வரையச் சொன்னார்கள். எஸ்.எம். நன்றாக வரைவார். சிரிக்கும் முகம், அழும் முகம், ஆத்திர முகம் எல்லாம் பளிச்சென்று வந்தன. பயத்துக்கு வந்தபோது, அந்த முகம் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். வற்புறுத்திக் கேட்டதும் முகத்தை விட்டுவிட்டு, முடி குத்திட்டு நிற்கத் தவழ்ந்து போகும் ஒரு குழந்தையை வரைந்தார். பயந்தவர் தவழ்வார், முடி சிலிர்க்கும் என்பது அவர் அறிவில் இருக்கிறது. முகம் மட்டும் காலி.

அதற்கான காரணம் 2005இல்தான் பிடிபட்டது. எஸ்.எம். யார் முகத்தையும் கண்ணில் தொடங்கிப் பார்ப்பதில்லை. நம் பார்வை தானாகவே முதலில் போய் நிற்பது எதிரே இருப்பவரின் கண்ணில்தான். பயம் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான். கண்களைப் பாருங்கள் என்று சொல்லிக் காட்டியபோது பயந்த முகத்தை எஸ்.எம். மற்றவர்களைப் போலவே கண்டுபிடித்தார். அடுத்த முறை சொல்லாமல் விட்டபோது பழைய நிலைக்கே போய்விட்டார். ஆக, அமிக்டலா செய்துவந்தது ஆபத்தை அறிவது மட்டுமல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்று பார்வையைத் திருப்பிவிடுவதும்தான்.

இன்னொரு சோதனையும் சொல்லிவிடுகிறேன். திரையில் வண்ணங்கள் மாறி மாறி வரும். நீலம் வந்தால் சில சமயம் படகு ஹாரன் காது கிழிய அலறும். நம்மைப் போன்றவர்களுக்குச் சில தடவையிலேயே நீலத்தைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிடும். எஸ்.எம்.முக்கு ஹாரன் சத்தத்துக்கு வியர்த்தது. நீலத்துக்கு வியர்க்கவே இல்லை. ஆனால் எந்த நிறத்துக்கு ஹாரன் அடித்தது என்று கேட்டால் சரியாகச் சொன்னார். அறிவு கற்றுக்கொண்டது, உடம்பு கற்றுக்கொள்ளவில்லை. 1995இல் வெளியான இந்தக் கட்டுரையில், இதற்கு நேர் எதிரான இன்னொரு நோயாளியும் உண்டு. அவருக்கு அமிக்டலா நலம், நினைவுகளைச் சேர்த்து வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி பழுது. அவர் உள்ளங்கை வியர்த்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாசல்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்றால் பேய், தெய்வம் போன்றவை. இறை என்றால் தன்மேல் அதிகாரம் உள்ளவர்கள். ஜஸ்டின் ஃபைன்ஸ்டைனும் அயோவா குழுவினரும் 2010 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வந்தது. முதல் மூன்றும் அதில் அப்படியே இருக்கின்றன.

விலங்கைப் பார்த்துவிட்டோம். அணங்குக்காக எஸ்.எம்.மை அவர்கள் கூட்டிப்போன இடம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலுள்ள வேவர்லி ஹில்ஸ். ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை. அவர்கள் போனபோது, ஹாலோவீன் சமயத்தில் இருட்டும் அலறலும் பேய் வேஷமுமாகக் காசு வாங்கிக்கொண்டு பயமுறுத்தும் பேய் வீடு. உடன் வந்த முன்பின் தெரியாத பெண்கள் கூச்சல் போட்டுப் பின்வாங்க, எஸ்.எம். "இப்படி வாங்க" என்று முன்னால் நடந்தார். வேஷம் போட்டவர்கள் பாய்ந்து வந்தபோது சிரித்தார், பேச்சுக் கொடுத்தார். ஒரு பேயின் தலை எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கை நீட்டித் தொட்டதில் பயந்துபோனது அந்தப் பேய்தான். பேய்ப் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டியபோதும் இதே கதை. படத்தின் பெயர் என்ன, வாடகைக்கு எடுத்து முழுசாகப் பார்க்க வேண்டும் என்றார்.

கள்வர் பகுதிக்குச் சோதனை தேவைப்படவில்லை. வாழ்க்கையே வைத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 30. இரவு பத்து மணி வாக்கில் ஒரு பூங்காவைக் கடந்து தனியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த, போதையில் இருப்பதாகத் தெரிந்த ஒருவன் கூப்பிட்டான். போனார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக் கழுத்தில் கத்தியை வைத்தான். தூரத்தில் தேவாலயத்தில் பாடல் குழு பாடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என்னைக் கொல்ல வேண்டுமானால் முதலில் என் கடவுளின் தேவதூதர்களைத் தாண்டி வர வேண்டும் என்று அவனிடம் நிதானமாகச் சொன்னார். அவன் விட்டுவிட்டான். எஸ்.எம். ஓடவில்லை, நடந்தே வீடு போனார். மறுநாள் அதே பூங்கா வழியாகவே மறுபடியும் நடந்தார்.

இந்தப் பகுதியைத்தான் பத்திரிகைகள் அதிகம் விரும்பின. "அச்சமே இல்லாத பெண்" என்று கொண்டாடின. அது எனக்கு உறுத்துகிறது. அவர் துப்பாக்கி முனையில் நின்றிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே சாகும் அளவுக்கு அடி வாங்கியிருக்கிறார். குற்றமும் போதையும் மலிந்த ஏழைப் பகுதியில் வாழ்ந்தவர். அந்தச் சம்பவங்களில் பலவற்றைப் பயம் முன்கூட்டியே தடுத்திருக்கும். பெஞ்சில் இருந்தவன் கூப்பிட்டபோதே கால் எட்டிப் போட்டு நடக்க வைத்திருக்கும். அவருடைய நோய் பற்றி எதுவும் தெரியாத இரண்டு மனநல நிபுணர்கள் ஒருமுறை அவரோடு பேசிவிட்டு, எத்தனை துன்பத்தையும் தாங்கி எழுந்தவர், வீரம் மிக்கவர் என்றே சொல்லும்படி எழுதினார்கள். வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காவல் போய்விட்ட வீடு என்று உள்ளே பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காம் வாசல் அல்ல, தரைக்கு அடியில்

தொல்காப்பியம் சொன்ன நான்கும் வெளியே இருந்து வருபவை. கண்டோ கேட்டோ அஞ்சுபவை. இதுவரை எஸ்.எம்.மிடம் செய்த சோதனைகளும் அப்படித்தான். உள்ளே இருந்து கிளம்பும் ஆபத்து என்று ஒன்று உண்டு. கிணற்றில் முக்குளித்து அடியிலிருந்து மண் எடுத்து வந்தவர்களுக்கு அது தெரியும். கொஞ்ச நேரம் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் ஒரு கணத்தில் மனசு என்ன சொன்னாலும் கேட்காமல் உடம்பு மேலே பாயும். பிராணவாயு தீர்ந்துவிட்டதால் அப்படி நடப்பதில்லை. வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் சேர்கிற கரியமில வாயுதான் அந்தத் தவிப்பைக் கிளப்புகிறது. அது இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்திலும் மூளைத்தண்டிலும் இருக்கும் உணரிகள் அதைக் கண்டுகொள்கின்றன.

இந்த வழியைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் ஒரு பழைய முறை உண்டு. 35 சதவீதம் கரியமில வாயு, 65 சதவீதம் பிராணவாயு கலந்த காற்றை முகமூடி வழியாக ஒரே ஒரு முழு மூச்சு இழுக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம்தான். பிராணவாயு தாராளமாக இருப்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், சிலருக்கு முழுப் பீதியே வந்துவிடும்.

எஸ்.எம்.முக்கும், ஒரே மரபணுவும் அதே நோயும் கொண்ட இரட்டைச் சகோதரிகள் இருவருக்கும் இதைச் செய்து பார்த்தார்கள். முடிவு வெளியானது 2013இல். என்ன எதிர்பார்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அதே அயோவாவில் ஜான் வெம்மியின் குழு, எலிகளின் அமிக்டலாவே கரியமில வாயுவின் அமிலத்தை நேரடியாக உணர்ந்து பயத்தைத் தூண்டுகிறது என்று 2009இல் காட்டியிருந்தது. அமிக்டலா இல்லாதவர்களுக்கு எதுவும் ஆகாது என்பதுதான் கணக்கு.

கணக்கு தப்பியது. வாயுவை இழுத்த சில நொடிகளிலேயே எஸ்.எம். மூச்சுக்குத் திணறத் தொடங்கினார். வலது கை முகமூடிக்குப் பக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது. "காப்பாத்துங்க!" என்று கத்தினார். முகமூடியைக் கழற்றும்போது உடம்பு விறைத்திருந்தது. கால்விரல்கள் மடங்கியிருந்தன. ஆய்வாளரின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, கண்கள் அகல விரிந்திருந்தன.

பல ஆண்டுகளாக அவரால் படத்தில் படிக்கவும் முடியாத, காகிதத்தில் வரையவும் முடியாத முகம் இது. அவர் முகத்திலேயே வந்து நின்றது.

அந்த டாபர்மேனுக்குப் பிறகு அவர் பட்ட முதல் பீதி. இரட்டைச் சகோதரிகளுக்கும் இதே நடந்தது. ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட, மூளைப் பழுது எதுவும் இல்லாத 12 பேரில் 3 பேருக்குத்தான் பீதி வந்தது. அமிக்டலா இல்லாத மூவரில் மூவருக்கும் வந்தது. ஆக, பயத்தை உண்டாக்க அமிக்டலா இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மூளைத்தண்டும் உடம்பின் உட்சேதியைப் பெறும் மற்றப் பகுதிகளும் போதும். அமிக்டலா சில நேரம் பீதியை அடக்கி வைக்கவும் செய்கிறதோ, அது இல்லாததால்தான் மூவருக்கும் இப்படிக் கட்டவிழ்ந்ததோ என்றும் ஆய்வாளர்கள் யோசித்தார்கள். மூன்று பேரை வைத்து அதை முடிவாகச் சொல்ல முடியாது.

நாம் பயந்ததால் நடுங்குவதில்லை, நடுங்குவதால் பயப்படுகிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதினார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று எஸ்.எம். நிரூபித்துவிடவில்லை. ஆனால் உடம்பு முதலில் பேசி, மனம் பின்னால் ஓடிவரும் பாதை ஒன்று உண்மையாகவே இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு மூச்சைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. தமிழில் பேசுகிறவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது. பயத்தை நாம் எங்கே வைத்துப் பேசுகிறோம்? வயிற்றில் புளியைக் கரைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, கை கால் வெலவெலக்கிறது. மெய்ப்பாடு என்ற சொல்லே மெய்யில் படுவதைத்தான் சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சித்தி. சில வருடங்களுக்கு முன் நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, மூச்சு முட்டுது, சாகப்போறேன் என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் வந்தார். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது, இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா, வீணா பயப்படுறீங்க, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வருடத்தில் இப்படி மூன்று தடவை. கடைசித் தடவை திரும்பி வரும்போது சித்தி கேட்டார்: "ஒண்ணுமில்லாததுக்கா சாமி இப்படி மூச்சு அடைக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் அவரிடம் பல தடவை தைரியமாக இரு என்று சொன்னவன்தான்.

இதயத்தைப் பார்த்தது சரி, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இதயத்தில் ஒன்றுமில்லை என்பது வேறு, உடம்பில் ஒன்றுமில்லை என்பது வேறு. கழுத்துக்குள் கத்தி இறங்கவிருந்த நேரத்திலும் நிதானமாகப் பேசிய ஒருவரை, ஒரு மூச்சுக் காற்று கதற வைத்தது. அவரிடம் தைரியம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? பீதி வியாதி உள்ளவர்களில் பலருக்கு இந்தக் கரியமில வாயுச் சோதனை மற்றவர்களைவிடச் சுலபமாகப் பீதியைக் கிளப்புகிறது என்பது பல காலமாகவே தெரிந்த விஷயம். அவர்கள் உடம்பின் எச்சரிக்கை மணி கொஞ்சம் சீக்கிரமே அடித்துவிடுகிறது. மணி அடிப்பது நிஜம். சித்திக்குப் பிறகு ஒரு மனநல மருத்துவர் இதைப் பொறுமையாக விளக்கி, மாத்திரையும் தந்தார். படபடப்பு வரும்போது அதை எதிர்த்துப் போராடாமல் இருக்கவும், மூச்சை மெதுவாக வெளியே விடவும் பழக்கினார். வரும்போது வரட்டும், போய்விடும் என்று இப்போது சித்தியே சொல்கிறார். அவருக்கு உதவியது, நடப்பது இன்னது என்று ஒருவர் பெயர் சொல்லிக் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சோதனையில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு துணுக்கு மிச்சம் இருக்கிறது. வாயு வருவதற்கு முந்தைய காத்திருப்பு நேரத்திலும் எல்லோருடைய நாடித்துடிப்பையும் தோல் வியர்வையையும் அளந்துகொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு வந்த 12 பேருக்கு, முகமூடி நெருங்க நெருங்க இரண்டும் ஏறின. வரப்போவதை நினைத்தே உடம்பு தயாராகிவிட்டது. அமிக்டலா இல்லாத மூவருக்கும் அப்படி ஏறவில்லை. பயம் வந்தபோது அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பலமாகவே வந்தது. அது வரப்போகிறது என்று மட்டும் அவர்கள் உடம்பு அவர்களுக்குச் சொல்லவில்லை.